எமோவை எமோ ஆக்குவது எது? ஹார்ட்கோர் கேட்பவர்கள் வாருங்கள்

#1 கேசட்காரன்

வேறொரு இழையில் ஒரு தம்பி எமோ பாட்டு சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற குழுவின் பெயரை எழுதினேன். கேட்டுவிட்டு வந்து, “அண்ணா, இது பங்க் மாதிரி இருக்கிறது, எமோ எங்கே?” என்றார். அவர் மேல் தவறில்லை. 2004, 2005 வாக்கில் டிவியில் மை கெமிக்கல் ரொமான்ஸ், ஃபால் அவுட் பாய் குழுக்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எமோ என்றால் கண்மை, நெற்றியில் விழும் முடி, கறுப்புச் சட்டை. அந்தப் பாட்டுகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தப் பெயர் அதற்கு இருபது வருடம் முன்பே வேறொன்றுக்கு வைக்கப்பட்டது. அதைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

கதை வாஷிங்டன் டி.சி.யில் தொடங்குகிறது. 1980-இல் கலைந்துபோன டீன் ஐடில்ஸ் என்ற பள்ளிப் பையன்களின் குழு, ஷோக்களில் சேர்த்து வைத்த பணத்தைப் போட்டு ஓர் ஏழு அங்குல இசைத்தட்டு வெளியிட்டது. அதற்காகப் பிறந்ததுதான் டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ். அந்தக் குழுவில் இருந்த இயன் மெக்காயும் ஜெஃப் நெல்சனும் அடுத்துத் தொடங்கியது மைனர் த்ரெட். வேகம், சுருக்கம், கோபம், இப்படிப்பட்ட பங்கைத்தான் ஹார்ட்கோர் என்பார்கள். ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ பாட்டு முழுவதுமே முக்கால் நிமிடம்தான். 1983-இல் அவர்களும் கலைந்தார்கள். அதற்குள் ஷோக்களின் முகமே மாறியிருந்தது. மேடைக்கு முன்னால் அடிதடி, மொட்டைத்தலை ஸ்கின்ஹெட் கூட்டம், சண்டைக்காகவே வருகிறவர்கள். தொடங்கி வைத்தவர்களுக்கே அங்கே போகப் பிடிக்காமல் போனது.

1984-இல் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் வருகிறது. கீ பிச்சியோட்டோ பாட்டும் கிதாரும், எடி ஜேனி இன்னொரு கிதார், மைக் ஃபெலோஸ் பாஸ், பிரெண்டன் கேன்டி டிரம்ஸ். அவர்களுடைய ஒரே ஆல்பம் 1985-இல் வந்தது. வர்ஜீனியாவின் ஆர்லிங்டனில் டான் ஸியென்டாரா தன் வீட்டின் அடித்தளத்தில் நடத்திய இன்னர் இயர் ஸ்டூடியோவில் பதிவானது. தயாரிப்பு மெக்காய். 1986 தொடக்கத்தில் குழு முடிந்துவிட்டது. அவர்கள் வாசித்த ஷோக்கள் இருபதுகூட இருக்காது. மேடையில் கிதாரை உடைத்துவிடுவார்கள், அடுத்த ஷோவுக்குக் கருவி வேண்டுமே.

என் கேள்வி இதுதான். அந்த ஆல்பத்தில் மைனர் த்ரெட்டிடம் இல்லாத எது இருக்கிறது? அதற்கு ஒரு விடை கிடைத்தால் எமோவுக்கே விடை கிடைத்த மாதிரி என்று நினைக்கிறேன்.

#2 மழைக்கால ரயில்

அந்தத் தம்பி நான்தான் அண்ணா. தம்பி இல்லை, தங்கை. பெயரைப் பார்த்துத் தெரிந்திருக்காது, பரவாயில்லை.

எனக்கு ஓர் அடிப்படைச் சந்தேகம். எமோ என்பது ‘எமோஷனல்’ என்பதன் சுருக்கம் என்கிறார்கள். உணர்ச்சி இல்லாத இசை எங்கே இருக்கிறது? ப்ளூஸ் அழுகிறது, சோல் உருகுகிறது. மைனர் த்ரெட்டின் கோபமும் உணர்ச்சிதானே? அப்படியிருக்க ஒரு வகைக்கு மட்டும் அந்தப் பெயர் ஏன்?

#3 கேசட்காரன்

மன்னிக்கணும் தங்கச்சி. கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. இதே காரணத்துக்காகத்தான் அந்தக் குழுக்களே அந்தப் பெயரை வெறுத்தன. எண்பதுகளின் நடுவில் ‘எமோஷனல் ஹார்ட்கோர்’, ‘எமோகோர்’ என்று பத்திரிகையில் வந்தபோது, மெக்காய் தன் எம்ப்ரேஸ் குழுவின் ஷோவில் மேடையிலிருந்தே அதைத் திட்டினார். ஹார்ட்கோர் எப்போது உணர்ச்சி இல்லாமல் இருந்தது என்பதுதான் அவர் கேள்வியும். பெயர் பொருத்தமில்லாதது, நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தப் பெயருக்குப் பின்னால் காதால் பிடித்துக் காட்டக்கூடிய ஒன்று இருக்கிறது. சுருதிபேதம், கிதார் வாசிப்பவர் நீங்கள், சொல்லுங்களேன்.

#4 சுருதிபேதம்

கூப்பிட்டதால் வந்தேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஹார்ட்கோர் கிதாரின் அடிப்படை பவர் கார்ட். மூல ஸ்வரமும் பஞ்சமமும் மட்டும், அது ஒரு சுவர். மைனர் த்ரெட் ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துண்டை, வாசித்துப் பாருங்கள், கை முழுவதும் ஒரே பிடியில் மேலும் கீழும் ஓடும். பாடகர் அந்தச் சுவரின் மேல் ஏறி நின்று கத்துகிறார். சுவர் அசையாது. அதன் பலமே அதுதான்.

இப்போது ஆக்டேவ் கார்டைப் பாருங்கள். ஐந்தாம் தந்தியில் ஆள்காட்டி விரல், இரண்டு கட்டை தள்ளி மூன்றாம் தந்தியில் மோதிர விரல். நடுவில் இருக்கும் நான்காம் தந்தியை விரலால் தொட்டு ஊமையாக்க வேண்டும். ஒலிப்பது ஒரே ஸ்வரம், இரண்டு ஸ்தாயியில். மேஜரும் இல்லை, மைனரும் இல்லை, பஞ்சமம்கூட இல்லை. அதாவது அது கார்டே இல்லை, தடித்த ஒரு மெட்டு. கீழே இன்னொரு கிதாரோ பாஸோ மாற மாற, அதே ஸ்வரத்தின் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். அதை டிஸ்டார்ஷனில், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கி, விட்டு அடித்தால் இரண்டாவது ஆள் கத்துவது போலவே கேட்கும். தொண்ணூறுகளின் எமோவில் பாடகர் வாயை மூடும் இடத்தில் இந்த ஆக்டேவ்தான் மேலே எழும். ஆர்வம் உள்ளவர்கள் அந்தக் காலத்துச் சான் டியேகோ குழுக்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனால் அதற்கும் முன்பே விதை விழுந்துவிட்டது. டி.சி.யில் தி ஃபெய்த் என்ற குழு. அவர்களுடைய 1983-ஆம் ஆண்டு ‘சப்ஜெக்ட் டு சேஞ்ச்’ தட்டில் இரண்டாவது கிதார் சேர்ந்தது. அந்த இரண்டாவது ஆள்தான் எடி ஜேனி. ஒரே சுவராக இருந்தது இரண்டாகப் பிரிந்து, நடுவில் ஓர் இடைவெளி உண்டானது. அவர் அங்கிருந்து ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் போனார். ஃபெய்த்தில் இருந்த இன்னும் மூவர் மெக்காயோடு சேர்ந்து எம்ப்ரேஸ் ஆனார்கள். எமோவின் முதல் இரண்டு குழுக்களிலும் ஒரே ஹார்ட்கோர் குழுவின் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு இது மிக முக்கியமான செய்தி. எமோ வெளியிலிருந்து வந்து ஹார்ட்கோரில் ஒட்டிக்கொண்டது இல்லை, ஹார்ட்கோர்காரர்களே தங்கள் வீட்டுச் சுவரை உடைத்துக் கட்டியது.

#5 தாம்பரம் டிரம்மர்

கிதார் பற்றிச் சொன்னது சரி. டிரம்ஸில்தான் இன்னும் தெளிவாகத் தெரியும் என்பது என் கட்சி.

ஹார்ட்கோர் பீட் ஒரு எஞ்சின். காலால் அடிக்கும் கிக், குச்சியால் அடிக்கும் ஸ்நேர், கிக், ஸ்நேர், நிற்காது. பாடகர் அந்த வேகத்துக்குள் வார்த்தையைத் திணிக்க வேண்டும். எமோவில் இது தலைகீழ். பாடகர் மூச்சு வாங்கினால் டிரம்ஸ் நிற்கும், குரல் உடைந்தால் சிம்பல் வெடிக்கும். பிரெண்டன் கேன்டி வாசிப்பதைக் கவனியுங்கள். வேகம் குறைந்துவிடவில்லை, ஆனால் எங்கே நிற்பது, எங்கே விடுவது என்பதை குரல்தான் முடிவு செய்கிறது.

அன்னாபொலிஸ் ஊரின் மாஸ் ஐகான் இதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனது. ‘லைபர்னம்’ ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு பத்து நிமிடத்தைத் தாண்டும். ஒரு கிதார் தந்தி தந்தியாக மீட்டிக்கொண்டிருக்க, பாடகர் பேசுகிறார். பாடவில்லை, பேசுகிறார். பேச்சு முணுமுணுப்பாகிறது, முணுமுணுப்பு அலறலாகிறது. 1988-இல் பதிவான ஆல்பம் இது. குழு கலைந்த பிறகு தொண்ணூறுகளில்தான் வெளியே வந்தது. பின்னால் எத்தனையோ பேர் செய்த ‘மெதுவாகத் தொடங்கி வெடிப்பது’ அங்கேயே முழுதாக இருக்கிறது.

அந்த மாதிரிப் பாட்டை நாங்கள் நண்பர்கள் ஒருமுறை வாசித்துப் பார்த்தோம். மெதுவான பகுதிதான் கஷ்டம். வேகமாக அடிக்கும்போது தப்பு மறைந்துவிடும். அமைதியில் ஸ்நேரின் ஒவ்வொரு அடியும் அம்மணமாக நிற்கும்.

#6 வடக்கு வீதி

எல்லாரும் டி.சி. என்று சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். எனக்கு எமோ என்றால் சன்னி டே ரியல் எஸ்டேட் குழு. 1994, சப் பாப் வெளியிட்ட ‘டைரி’. ஜெரமி எனிக்கின் குரல் உச்சத்துக்குப் போய்த் தழும்பும் இடங்கள் என் கல்லூரி நாட்களைத் தாங்கிப் பிடித்தவை. நீங்கள் போடும் கோட்டில் அது உள்ளே வருமா, வராதா? வராது என்றால் கோட்டில்தான் பிழை.

#7 யாழினி

வடக்கு வீதி, உங்கள் பிரியம் புரிகிறது. எனக்கும் அந்த ஆல்பம் பிடிக்கும். ஆனால் தலைப்பில் ‘ஹார்ட்கோர்’ என்று இருக்கிறது. அதனால் ஒலியோடு நிற்காமல் வேறொன்றையும் பார்க்க வேண்டும் என்று சொல்ல வந்தேன்.

1985 கோடையை டி.சி.க்காரர்கள் ‘ரெவல்யூஷன் சம்மர்’ என்பார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது தெரியுமா? ஏமி பிக்கரிங் என்ற இளம்பெண், தான் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து நண்பர்களுக்குப் பெயர் போடாத கடிதங்களை அனுப்பத் தொடங்கினார். இந்தக் கோடையில் ஏதாவது செய்ய வேண்டும் என்ற தூண்டுதல் அது. அதே கோடையில் நிறவெறி ஆட்சியை எதிர்த்துத் தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்கு எதிரே டிரம், வாளி, கிடைத்ததை எல்லாம் தட்டி பங்க் இளைஞர்கள் போராடினார்கள். பாஸிட்டிவ் ஃபோர்ஸ் அமைப்பு அந்த வருடம்தான் உருவானது, நிதி திரட்டும் ஷோக்களை நடத்தியது. மேடைக்கு முன் நடந்த அடிதடியை நிறுத்த வேண்டும், பெண்களும் முன் வரிசையில் நிற்க வேண்டும் என்பது அந்தக் கோடையின் பேச்சாகவே இருந்தது. ‘அழுகிற பையன்கள்’ கதையில் இது அத்தனையும் காணாமல் போய்விடுகிறது.

தொண்ணூறுகளில் இந்தப் பிடிவாதம் இன்னும் கெட்டியானது. சான் டியேகோவில் 1991-இல் கிராவிட்டி ரெக்கார்ட்ஸைத் தொடங்கியவர் ஹெராயின் குழுவின் பாடகர் மேட் ஆண்டர்சன். அதே குழுவின் டிரம்மர் ஏரன் மான்டேன் பிறகு ஆன்டியோக் ஆரோவில் பாடகரானார். வடக்கே கென்ட் மெக்லார்டின் எபுலிஷன் என்ற வெளியீட்டு நிறுவனம். அவர் நடத்திய ‘ஹார்ட் அட்டாக்’ பத்திரிகை, பார்கோடு அச்சிட்ட தட்டுகளுக்கு விமர்சனம் எழுதாமல் இருந்தது. யோசித்துப் பாருங்கள், பெரிய கடைகளில் விற்கத் தேவையான அந்தக் கோடுகள் இருந்தால் பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. உறையைக் கையால் அச்சிட்டு, பாட்டு வரிகளையும் விளக்கத்தையும் தாளில் மடித்து உள்ளே வைத்து, கடிதம் போட்டு வரவழைக்கும் உலகம் அது. எனக்கு எமோ என்றால் இதுவும் சேர்ந்ததுதான். ஆக்டேவ் கார்டை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம்.

#8 வடக்கு வீதி

அப்படியானால் பார்கோடு இருந்தால் எமோ இல்லையா தோழி? இசையை அட்டையின் பின்பக்கத்தை வைத்தா தீர்மானிப்பது?

இன்னொன்று. சுருதிபேதம் சொன்ன ரத்த உறவு இங்கேயும் இருக்கிறது. சன்னி டேயின் பாஸ் வாசித்த நேட் மென்டல், பிரதர்ஹுட், கிரைஸ்ட் ஆன் எ கிரட்ச் என்ற ஹார்ட்கோர் குழுக்களிலிருந்து வந்தவர். அவரும் தன் வீட்டுச் சுவரைத்தானே உடைத்தார்?

#9 யாழினி

நியாயமான அடி. மென்டல் விஷயத்தை நான் எடை போடவில்லை. சரி, பார்கோடு தீர்ப்பு இல்லை. ஆனால் அது ஒரு விளைவைக் காட்டுகிறது. விற்கும் வழி மாறும்போது பாட்டின் உடம்பும் மாறுகிறது. ஐம்பது பேர் நிற்கும் வீட்டு அடித்தளத்தில், மேடையே இல்லாத இடத்தில், பாடகர் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் தரையில் கிடந்து கத்தலாம். பாட்டு பத்து நிமிடம் போகலாம், ஒலி கிழியலாம், வார்த்தை கேட்காமல் போகலாம். வானொலிக்குப் போகும் பாட்டில் இது நடக்காது. குரல் முன்னால் வர வேண்டும், கோரஸ் திரும்ப வர வேண்டும். நான் கோடு போடச் சொன்னால் அங்கே போடுவேன்.

#10 தாம்பரம் டிரம்மர்

இந்தக் கடைசிப் பதிவுக்கு நூறு சதவீதம் சம்மதம். இடம் பாட்டைச் செய்கிறது.

#11 பழைய புத்தகக்கடை

நான் இந்த இசைக்குப் புதியவன், படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மழைக்கால ரயில் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது, மெய்ப்பாடு. மனதில் இருப்பது உடம்பில் வெளிப்படுவது. தொல்காப்பியம் எட்டு சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. நீங்கள் கொடுத்த பாட்டுகளை இரண்டு நாளாகக் கேட்டேன். மைனர் த்ரெட்டில் எனக்குக் கேட்டது வெகுளியும் பெருமிதமும். இரண்டுமே உச்சத்தில். ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கில் அதே வேகத்துக்குள், அதே கூச்சலுக்குள் அழுகையும் அச்சமும் மருட்கையும் வந்துவிட்டன. சில இடங்களில் இளிவரல்கூட, தன்னையே தாழ்த்திப் பார்க்கிற அந்தக் கூச்சம். அதோடு அவை வார்த்தையாக மட்டும் வரவில்லை. குரல் நடுங்குகிறது, மூச்சு முட்டுகிறது. சோகத்தைப் பற்றிப் பாடுவது வேறு, அது தொண்டையில் நடப்பது வேறு.

ஆகவே என் பதில்: உணர்ச்சி உண்டா இல்லையா என்பது கேள்வியே இல்லை. ஹார்ட்கோர் இரண்டு மெய்ப்பாடுகளுக்கு மட்டும் திறந்து வைத்திருந்த கதவை மற்றவற்றுக்கும் திறந்தது எமோ. வேகத்தையும் சத்தத்தையும் விடாமல் திறந்ததால்தான் அது இன்னும் ஹார்ட்கோர்.

#12 சுருதிபேதம்

ஐயா, இருபது வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், இப்படி யாரும் எனக்குச் சொன்னதில்லை. நன்றி.

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். டோக்கியோவின் என்வி 1992-இலிருந்து இருக்கிறது, ஜப்பானிய மொழியில் பாடுகிறது. இத்தாலியில் லா கியெத்தே, ரெயின். இத்தாலிய மொழிதான். எனக்கு இரண்டு மொழியும் தெரியாது. ஆனாலும் எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. வரிகளில் இருக்கும் சோகம்தான் எமோ என்றால் இது நடக்கக் கூடாது. டி.சி. தெருவோ அமெரிக்கப் புறநகரோ அதற்குக் கட்டாயமில்லை என்பதற்கும் இதுவே சாட்சி.

#13 யாழினி

மெய்ப்பாடு விளக்கம் அழகு. ஒரு திருத்தம் மட்டும் சொல்ல அனுமதியுங்கள். வெகுளி வெளியே போய்விட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கடிதம் அனுப்பினாரே ஏமி பிக்கரிங், அவர் 1986-இல் ஃபயர் பார்ட்டியில் பாடத் தொடங்கினார். நால்வரும் பெண்கள். தொண்ணூறுகளில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஸ்பிட்பாய், அவர்களும் நால்வரும் பெண்கள். இந்த இரண்டு குழுவிலும் கோபமும் வலியும் பிரிக்க முடியாமல் கிடக்கும்.

பிரிந்தது பிற்காலத்தில். 2003-இல் ஜெசிகா ஹாப்பர் ‘பங்க் பிளானட்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். எமோ பாட்டுகளில் பெண் எங்கே இருக்கிறாள் என்பது அவர் கேள்வி. பாட்டு முழுக்க அவளைப் பற்றித்தான், ஆனால் அவளுக்குப் பெயர் இல்லை, பேச்சு இல்லை. பையனின் மனதை உடைத்துவிட்டுப் போனவள், அவ்வளவுதான். எனக்கு அதைப் படித்தபோது உடம்பெல்லாம் சுட்டது, ஏனென்றால் நான் பிடித்துக் கேட்ட குழுக்களும் அதில் அடக்கம். 1985-இல் தன்னையே கேள்வி கேட்ட பாட்டு, பிறகு அவளைக் குற்றம் சாட்டும் பாட்டாக மாறியிருக்கிறது. மேலே வடக்கு வீதிக்குச் சொன்ன கோட்டைவிட எனக்கு இந்தக் கோடு முக்கியம்.

#14 வடக்கு வீதி

இதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. ‘டைரி’யை விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் அந்தக் கேள்வியோடு இன்று மறுபடி கேட்பேன்.

#15 கேசட்காரன்

நான் தொடங்கியபோது பதில் ஒலியில் மட்டும் இருக்கிறது என்று நினைத்தேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன். யாழினி சொன்ன அடித்தளம் இல்லாமல் டிரம்மர் சொன்ன நிறுத்தம் வராது, அந்த நிறுத்தம் இல்லாமல் ஐயா சொன்ன அச்சமும் அழுகையும் உள்ளே வர இடம் இல்லை.

எமோவின் அலறல் மிகுந்த கிளையான ‘ஸ்க்ரீமோ’ பற்றித் தனியாகக் கேட்டு இரண்டு பேர் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். சுருக்கமாகச் சொன்னால் தொண்ணூறுகளின் அந்தச் சான் டியேகோ வழி இன்னும் கலங்கிப்போய் வேகமெடுத்தது. மாசசூசெட்ஸின் ஆர்க்கிட் வெளியிட்ட ‘கேயாஸ் இஸ் மீ’, 1999, அங்கே தொடங்குங்கள். அந்தப் பெயரும் பிறகு பெரிய நிறுவனங்களின் பாட்டுகளுக்குப் போனதால் ரசிகர்கள் ‘ஸ்க்ராம்ஸ்’ என்று வேறு பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். அதற்குத் தனி இழை போடலாம்.

#16 மழைக்கால ரயில்

அண்ணா, அக்கா, ஐயா, எல்லாருக்கும். நேற்று இரவு ஹெட்போனில் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் ஆல்பத்தை மறுபடி போட்டேன், இந்த முறை நடுவில் நிறுத்தாமல். முதல் தடவை கேட்டபோது கடைசிப் பாட்டுக்கு முன்பே மூடிவிட்டேன் என்று இப்போதுதான் தெரிந்தது.

கடைசிப் பாட்டு ‘எண்ட் ஆன் எண்ட்’. மற்றவை பெரும்பாலும் இரண்டு, மூன்று நிமிடத்தில் முடிய, இது ஏழு நிமிடத்துக்கு மேல் போகிறது. ஒரே கிதார் துண்டு திரும்பத் திரும்ப வருகிறது. முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி தொடங்குகிறது. டிரம்மர் அண்ணா சொன்ன மாதிரி குரலைப் பார்த்துக்கொண்டே டிரம்ஸை மட்டும் கவனித்தேன். ஓர் இடத்தில் அவருக்குக் குரலே இல்லை, காற்றுதான் வருகிறது. அப்போதும் குழு நிறுத்தவில்லை, அவருக்காகக் காத்துக்கொண்டு அதே துண்டை வாசித்துக்கொண்டே இருக்கிறது.

எமோ எங்கே என்று கேட்டேனே, அந்த இடத்தில் இருந்தது. இரண்டாம் முறை கேட்கும்போது மணி ஒன்றரை. மாஸ் ஐகான் இன்று இரவு.

#17 தாம்பரம் டிரம்மர்

விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள் தங்கச்சி. முதல் நான்கு நிமிடம் பொறுமை வேண்டும்.